புது பிஸ்டன் என்றால் இறுக்கமாகத்தான் இருக்குமாம்

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வாப்பாவின் பைக் கராஜில் இருந்து வீட்டுக்கு வந்தது. என்ஜின் முழுக்கக் கழற்றி, புளொக்கை லேத்துக்கு அனுப்பி போர் பண்ணி, பெரிய சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் புதுசாகப் போட்டு வந்த பைக். கழுவித் துடைத்து ஒயிலும் மாற்றியிருந்தார்கள். முற்றத்தில் நிறுத்தியபோது உம்மா கூட வந்து பார்த்துவிட்டுப் போனா. கராஜில் இருந்து ஒரு சின்ன லொறியில் ஏற்றி வந்துதான் இறக்கினார்கள். "ஏன் ஓட்டிட்டு வரல்ல?" என்று அப்போது எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது யோசித்தால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நான் கிக்கரை மிதித்தேன். பாதி வரைக்கும் இறங்கியது. பிறகு நின்றது. மெத்தென்று நிற்கவில்லை, கல்லில் இடித்த மாதிரி நின்றது. உள்ளே சின்னதாக ஒரு "டிக்".

திரும்ப மிதித்தேன். திரும்பவும் அதே டிக்.

கராஜ் நானாவுக்குப் போன் எடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புது பிஸ்டன்தானே தம்பி, இறுக்கமாத்தான் இரிக்கும். நல்லா நாலு மிதி மிதிங்க, இல்லாட்டி தள்ளி ஸ்டார்ட் பண்ணுங்க. ஒருக்கா எடுத்திட்டா பிறகு லேசாகிரும்."

பக்கத்து வீட்டு மாமாவும் அதையேதான் சொன்னார். வீதியில் நின்ற கூட்டாளிமாரும் அதையேதான் சொன்னார்கள். குறிஞ்சாக்கேணியில் ஒரு பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பத்து நிமிஷத்தில் பத்து மெக்கானிக் கூடிவிடுவார்கள். ஒருத்தன் ப்ளக் என்றான், ஒருத்தன் கார்ப்பரேட்டர் என்றான், ஒருத்தன் பெற்றோலில் தண்ணி என்றான். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம்: தள்ளுவோம்.

இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்து, மூன்று பேர் பின்னால் தள்ள நான் ஓடினேன். வேகம் வந்ததும் கிளட்சை விட்டேன். பின் சில்லு அப்படியே இறுகி, கிரவல் ரோட்டில் ஒரு நீளக் கோடு கீறிக்கொண்டு நின்றது. உள்ளே இந்த முறை டிக் இல்லை. "டக்".

அந்தச் சத்தத்துக்கு நான்தான் பொறுப்பு. இந்தக் கட்டுரையில் கராஜைப் பற்றி நான் என்ன சொன்னாலும், அந்த டக் என் கையால் வந்தது என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் சுபஹுக்கு முன் வாப்பா கரைக்குப் போகவில்லை. மீன் பெட்டி சுவரில் சாய்ந்து கிடந்தது. அதற்கடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஒரு பழைய பைக்கை ஏன் இவ்வளவு செலவழித்துத் திருத்த வேண்டும்?

கொழும்பில் இருக்கும் கூட்டாளி ஒருவன் கேட்டான்: "அத வித்திட்டு வேற ஒண்டு எடுக்கலாமே மச்சான்." எடுக்கலாம்தான். ஆனால் 2020இல் நாட்டுக்குள் வாகனம் இறக்குவதை நிறுத்தினார்கள். மோட்டார் சைக்கிளும் அதற்குள் அடக்கம். 2022இல் ரூபாய் விழுந்ததில் டொலர் 200 ரூபாயில் இருந்து சில வாரத்துக்குள் 350ஐத் தாண்டியது. உதிரிப்பாகம் எல்லாம் வெளியில் இருந்துதானே வருகிறது, அதுவும் கூடவே ஏறியது. அந்த வருஷம் கியூ.ஆர். அட்டையைக் காட்டினால் பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றுதான் தொடங்கினார்கள். தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் வரி மேல் வரியோடு. இந்த ஐந்து வருஷத்தில் பழைய பைக் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. விற்றவனுக்குத் திரும்ப வாங்க முடியவில்லை.

அதனால் எங்கள் பக்கம் எல்லாரும் இருக்கிற என்ஜினைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டுகிறார்கள். நீலப்புகை கக்கினால் போர், சத்தம் வந்தால் டைமிங் செயின், ஒயில் குறைந்தால் ரிங். மீன் யாவாரம், பால், விறகு, வயல், பிள்ளையைக் கிளாசுக்குக் கொண்டுபோவது, இரவில் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவது எல்லாமே அந்த 100 சீசீ என்ஜினின் தலையில்தான். அந்த என்ஜினைத் திறக்கிற கராஜ் எங்களுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி மாதிரி. அதனால்தான் இதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். பைக் விஷயத்தை ஏன் இங்கே எழுதுகிறாய் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

இது இரண்டு வேறு வருத்தம்

நாங்கள் செய்த முதல் பிழை, "ஸ்டார்ட் ஆகுதில்ல" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வருத்தத்தைப் போட்டுக் குழப்பியது.

ஒன்று, என்ஜின் சுற்றுகிறது, ஆனால் எரியவில்லை. கிக்கர் வழமை மாதிரி இறங்கும், உள்ளே காற்று அமுங்குகிற அந்தப் பிடிப்பு காலுக்குத் தெரியும், ஆனால் தீ பிடிக்காது. ப்ளக், கார்ப்பரேட்டர், பெற்றோல் என்ற பேச்சு எல்லாம் இதற்குத்தான் சரி. தேட வேண்டியது நாலு விஷயம்: பொறி வருகிறதா, பெற்றோல் வருகிறதா, கம்பிரஷன் இருக்கிறதா, இவை மூன்றும் சரியான நேரத்தில் வருகிறதா. என்ஜின் வேலைக்குப் பிறகு என்றால் இதற்குள்ளும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. மேக்னட் மூடிக்குள் வயர் நசுங்கியிருக்கலாம். எர்த் வயரை மாட்ட மறந்திருக்கலாம். தூசி போகாமல் இருக்க இன்லெட் வாயில் அடைத்த சீலைத்துண்டு அப்படியே உள்ளே இருக்கலாம். சிரிக்க வேண்டாம், அது நடக்கிற விஷயம். டெப்பட் இடைவெளியே இல்லாமல் இறுக்கியிருந்தால் வால்வ் முழுசாக மூடாது, கம்பிரஷன் வெளியே போய்விடும். ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் பெருவிரலை வைத்து அமர்த்திக் கிக் அடித்தால், காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் ப்ளக்கை எத்தனை தரம் மாற்றினாலும் பலனில்லை.

மற்றது, என்ஜின் சுற்றவே இல்லை. இதில் ப்ளக்குக்கும் பெற்றோலுக்கும் ஒரு வேலையும் கிடையாது. உள்ளே ஏதோ ஒன்று வழியை மறிக்கிறது. இங்கே காலின் பலத்தைக் காட்டுவதுதான் இருப்பதிலேயே கெட்ட மருந்து. மறித்து நிற்கும் சாமான் மிதிக்கு மிதி இன்னும் கெடும். பைக்கைத் தள்ளி கிளட்சை விடுவது, ஒரு ஆளின் காலுக்குப் பதிலாக ஓடுகிற பைக்கின் முழுப் பாரத்தையும் அந்த இடத்தில் கொண்டுபோய் இடிப்பதுதான்.

எங்களுடையது இரண்டாவது வருத்தம். பத்துப் பேர் கூடி முதலாவது வருத்தத்துக்கு மருந்து கொடுத்தோம்.

மூன்றாம் நாள்

உம்மாவின் வழியில் ஒரு மாமா கத்தாரில் பல வருஷம் கனரக வாகன வேலை செய்து வந்தவர். ஞாயிறு காலையில் வந்தார். வந்ததும் பைக்கைத் தொடவில்லை. முதலில் கேட்டார்:

"எதக் கழட்டின? எதெல்லாம் அசைஞ்ச?"

எங்களுக்குத் தெரியவில்லை. ஹெட்டைக் கழற்றியிருப்பார்கள், புளொக்கைக் கழற்றியிருப்பார்கள், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பழைய பிஸ்டன் எங்கே என்று கேட்டார். அதுவும் எங்களிடம் இல்லை.

"திறக்க முந்தி சுத்தின என்ஜின், திறந்ததுக்குப் பொறகு சுத்தல்ல என்டா, திறந்த இடத்துலதான் பார்க்கணும் மகன். உலகத்துல உள்ள எல்லாத்தயும் சந்தேகப்படத் தேவல்ல."

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதை ஒழுங்கு மாறாமல் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

நியூட்ரலில் வைத்து ப்ளக்கைக் கழற்றினார். ப்ளக் இல்லாவிட்டால் கம்பிரஷன் கிடையாது, சிலிண்டருக்குள் ஒயிலோ பெற்றோலோ நிரம்பி நின்றால் அதுவும் வெளியே பீச்சும். கையால் கிக்கரை மெதுவாக அமர்த்தினார். அதே இடத்தில் நின்றது. ஆகவே கம்பிரஷனும் இல்லை, உள்ளே நிற்கும் தண்ணியும் இல்லை.

அடுத்து சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, டொப் கியரில் போட்டு, பின் சில்லைக் கையால் முன்னுக்குச் சுற்றினார். சில்லு வழியாகச் சுற்றினாலும் அதே இடத்தில் நின்றது. அதாவது கிக்கரின் பல்லிலோ ஸ்பிரிங்கிலோ பிழை இல்லை. அவை பிழையாக இருந்தால் கிக்கர்தான் நிற்கும், சில்லு என்ஜினைச் சுற்றும்.

பிறகு சில்லைப் பின்னுக்குச் சுற்றினார். லேசாக, எங்கேயும் உரசாமல், நல்ல தூரம் போய் மறுபக்கம் இடித்தது. அங்கேதான் மாமா நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இறுக்கமான பிஸ்டன் என்டா எல்லா இடத்துலயும் இறுகும். இது ஒரு இடத்துல மட்டும் முட்டுது. இறுகுறதும் முட்டுறதும் ஒண்டில்ல."

எனக்கு அந்த இரண்டு நிமிஷம் மறக்காது. "புது பிஸ்டன் இறுக்கமாத்தான் இருக்கும்" என்று சொன்னது பொய்யில்லை. புதுசாகப் போர் பண்ணிய என்ஜின் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இறுக்கம் சுற்று முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். பாதி உண்மையான ஒரு பேச்சை நம்பித்தான் நாங்கள் மூன்று நாளை விட்டோம். முழுப்பொய்யாக இருந்திருந்தால் யாராவது ஒருத்தன் மறுத்திருப்பான்.

மேலே மூடியைக் கழற்றி, மேக்னட் பக்கத்து மூடியையும் கழற்றினார். மேக்னட் வீலில் "டி" என்று வெட்டியிருக்கும் கோட்டை என்ஜினில் உள்ள அடையாளத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். அப்போது மேலே கேம் சக்கரத்தின் அடையாளமும் ஹெட்டில் உள்ள அடையாளத்துக்கு நேரே நிற்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டு பல்லுத் தள்ளி நின்றது.

பைக் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்கிறேன். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அதற்கு மேலே இரண்டு வால்வ் கதவு மாதிரித் திறந்து மூடுகிறது. இரண்டையும் டைமிங் செயின்தான் ஒரே தாளத்தில் வைத்திருக்கிறது. க்ராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்றும். கேம் சக்கரத்தில் 32 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் மாறினால் கேமில் 11.25 பாகை, க்ராங்கில் அது 22.5 பாகை. இரண்டு பல் என்றால் 45 பாகை. கதவு மூட வேண்டிய நேரத்தில் இன்னும் திறந்து கிடக்கிறது, கீழே இருந்து பிஸ்டன் ஏறி வந்து அதில் முட்டுகிறது. அதுதான் அந்த டிக்.

நான் தள்ளியபோது கேட்ட டக்தான் ஒரு வால்வை வளைத்தது. அடையாளத்தைச் சரியாக வைத்து செயினை மாட்டியதும் என்ஜின் பட்டு மாதிரிச் சுற்றியது, ஆனால் விரலை வைத்தால் காற்று சரியாகத் தள்ளவில்லை. ஹெட்டைத் திரும்பக் கழற்றி, வால்வை எடுத்து ஒரு கண்ணாடித்துண்டில் உருட்டிப் பார்த்தோம். ஒன்று நேரே உருண்டது, மற்றது நொண்டியது. புது வால்வ் வாங்கி, சீட்டில் உரைத்து இருத்திப் போட இன்னும் ஒரு நாள். பல் மாறியதைத் திருத்த ஒரு மணித்தியாலம், ஒரு ரூபாய்ச் சாமானும் தேவையில்லை. வால்வுக்கும் கேஸ்கட்டுக்கும் போன காசு முழுக்க நாங்கள் தள்ளியதற்குக் கொடுத்த விலை.

கராஜில் நடந்தது

நானும் என் தம்பியும் சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் கராஜுக்குப் போனோம். இல்லை என்று சொன்னால் பொய். கராஜ் நானா கேட்டார். முகம் மாறியது. எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி, ஓரமாக இருந்து செயின் கழுவிக்கொண்டிருந்த பொடியனைப் பார்த்துக் கத்தினார். பதினேழு வயசு இருக்கும். அவன்தான் ஹெட்டைப் பூட்டியவன். "நாளையில இரிந்து வரத் தேவல்ல" என்றார். அவன் தலையைத் தூக்கவில்லை.

எங்கள் கோபத்துக்கு உடனே ஒரு ஆள் கிடைத்துவிட்டான். உண்மையாகச் சொன்னால், அந்த நேரம் அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

வெளியே வரும்போது அவன் பின்னால் வந்தான்.

"நானா, பூட்டினதுக்குப் பொறகு கையால சுத்திப் பார்த்தன். ஒரு இடத்துல முட்டின. எனக்கு வெளங்கின."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்ன. புது பிஸ்டன் அப்பிடித்தான் இரிக்கும், நீ பூட்டு என்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ற?"

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் அந்தக் கடைசி வரிதான். ஸ்பானர் பிடித்த கைக்கு என்ஜின் உண்மையைச் சொல்லிவிட்டது. அந்தக் கைக்குச் சொந்தக்காரனும் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறான். கேட்கிற காது இல்லை. பிழை அவனுடைய கையில் நடந்ததுதான், செயினை மாட்டும்போது பல்லைத் தவற விட்டது அவன்தான். ஆனால் அந்தப் பிழை கராஜ் வாசலைத் தாண்டி எங்கள் முற்றத்துக்கு வந்ததற்கு அவன் காரணம் இல்லை.

சந்தேகம் அவமானம் இல்லை

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. வேலை செய்தவனிடம் "சரியா பார்த்தீங்களா?" என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். அவனுடைய தொழிலைக் குறைத்துப் பேசியதாக எடுத்துக்கொள்வான். கேட்பவனுக்கும் சங்கடம், அதனால் கேட்காமல் விட்டுவிடுவான். பிறகு பிழை வந்ததும் ஏமாற்றிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். நடுவில் இருக்க வேண்டிய அந்தச் சாதாரணமான "ஒருக்காத் திரும்பப் பார்ப்பம்" இரண்டு பக்கத்திலும் இல்லை.

பெரிய தொழில்கள் இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டன. 1977 மார்ச் 27ஆம் திகதி ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரீஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் செத்தார்கள். மேலெழும்ப ஓடத் தொடங்கிய டச்சு விமானத்தின் உள்ளே இருந்த பொறியியலாளருக்கு, மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. கேட்டார். அனுபவசாலியான விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். பொறியியலாளர் அதற்கு மேல் பேசவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான், கீழே இருப்பவனின் சந்தேகத்தை மேலே இருப்பவன் கேட்கப் பழக வேண்டும் என்பதையே ஒரு பாடமாக விமானிகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளியை வெளியே கொண்டுபோக முதல், கத்தி, ஊசி, பஞ்சு எல்லாம் எண்ணிக்கை சரியா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. எந்த சேர்ஜனும் அதை அவமானமாக நினைத்து வேலையை விட்டுப் போகவில்லை.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. குறிஞ்சாக்கேணிக்காரனுக்கு 2021 நவம்பர் 23 போதும். பாலம் கட்டுகிறார்கள் என்று பழைய வழி இல்லாமல் போய், படகுப் பாதையில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்த காலம். அன்று காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்கு வெளிக்கிட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த மௌத்தையும் என் வாப்பாவின் பைக்கையும் நான் ஒரே தராசில் வைக்க மாட்டேன், யாரும் அப்படி வாசிக்கவும் வேண்டாம். நான் சொல்ல வருவது என்னைப் பற்றி. அந்தப் பாதையில் நானும் ஏறி இறங்கியவன். ஆடுகிறதே என்று மனசில் பட்டிருக்கிறது. பெரியவர்கள் போகிறார்கள், தினமும் போகிறது, எனக்கு என்ன தெரியும் என்று பேசாமல் நின்றிருக்கிறேன். அந்தப் பொடியனிடம் "ஏன் சொல்லல்ல?" என்று கேட்டபோது அது ஞாபகம் வந்தது. அவனாவது ஒரு தரம் சொல்லியிருக்கிறான்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. கராஜ்காரருக்கு மூன்று, எங்களுக்கு மூன்று.

கராஜ்காரருக்கு: என்ஜினைப் பூட்டி முடித்ததும், ப்ளக்கைப் போட முதல், கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு இரண்டு சுற்றில்தான் ஒரு முழு வேலை முடியும், ஒரு சுற்று போதாது. அதை பைக்காரனின் கண்முன்னால் செய்யுங்கள். இரண்டாவது, கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டுக் கொடுங்கள், என்ன கழற்றினீர்கள், என்ன போட்டீர்கள், பிஸ்டன் எந்த சைஸ் என்பதை ஒரு கடுதாசித் துண்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த தடவை போர் பண்ணும்போது அந்தத் துண்டு உங்களுக்குத்தான் உதவும். மூன்றாவது, "முட்டுது" என்று பொடியன் சொன்னால் வேலையை நிறுத்துங்கள். அவன் சொன்னது பிழை என்றால் ஐந்து நிமிஷம் நட்டம். சரி என்றால் உங்கள் பெயர் தப்பும்.

எங்களுக்கு: அவசரப்படுத்தக் கூடாது. எங்கள் பைக்கையும் வாப்பா நாளைக்கே வேண்டும், நாளைக்கே வேண்டும் என்று நாலு தரம் போன் எடுத்துத்தான் வாங்கினார், அதையும் சொல்ல வேண்டும். ஓடாத பைக்கை லொறியில் ஏற்றி வந்தால் இறக்கவிடக் கூடாது, ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்ல வேண்டும். மூன்றாவது, கிக்கர் இடையில் நின்றால் காலை எடுத்துவிட வேண்டும். தள்ளக் கூடாது. எனக்கு ஒரு வால்வ் போனது, உங்களுக்குப் போக வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பொடியன்மாருக்கு ஒரு தாள் வேண்டும். கராஜில் நாலு வருஷம் வேலை பழகிய ஒருவனிடம் இன்றைக்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. நானா "வராதே" என்றால் அந்த நாலு வருஷமும் பூச்சியம். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை, வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே கையில் இருக்கும் வேலையைக் காட்டி எடுக்கிற வழி இந்த நாட்டில் இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரிப்பது என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கத்துக் கராஜ் பொடியன்மாரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம், எங்களைப் போல எழுதிக்கொண்டிருக்கிற கூட்டம் எல்லாரும் சேர்ந்தால் ஒரு சனிக்கிழமையில் இருபது பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். கையில் ஒரு தாள் இருக்கிறவன், "முட்டுது" என்பதை இரண்டாவது தரமும் சொல்வான் என்று நினைக்கிறேன். முதல் தரத்தில் கேட்காதவர்களுக்கு அந்த இரண்டாவது தரம்தான் தேவை.

வாப்பாவிடம் பொடியன் சொன்னதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மஃரிபுக்குப் பிறகு அவரே கராஜுக்குப் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை நான் அந்த வழியால் போனபோது பொடியன் வேலையில் இருந்தான். ஒரு முச்சக்கரவண்டி என்ஜின் பலகையில் இருந்தது. கராஜ் நானா பக்கத்தில் குந்தியிருந்தார். பொடியன் ஸ்பானரைப் போட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"முட்டுதா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல நானா."

"இன்னொரு சுத்து சுத்து."